பிரிக்காத பொட்டலம்

கீழவேலாங்குளம்
12.6.2024

அதுக்குள்ள போன் கட்டாயிருச்சு அருளு, நான் சொல்ல வந்தது பாதியிலயே நிக்கிது. நீயும் போன்ல "ம்", "ம்"ங்கிற, அப்பறம் "ஷிப்டுக்கு நேரமாச்சு அத்தை"ங்கிற. வேலை நடக்குற எடத்துக்குள்ள போனை விட மாட்டாங்கன்னு வேற சொல்ற. அதான் தபாலாபீசுக்குப் போயி இன்லேண்டு லெட்டர் வாங்கிட்டு வந்துட்டேன். போஸ்ட்மாஸ்டர் ராமசுப்பிரமணியன், "யாருக்குத்தா, லவ் லெட்டரா?"ன்னு கேக்குறாரு. "ஆமா, எங்க மருமகனுக்கு, ராஜஸ்தானத்துல இருக்கான்"னேன். எட்டாங்கிளாஸ் கையெழுத்து, கோழி கிண்டுன மாதிரித்தான் இருக்கும். பொறுத்துப் படி.

அட, நலம் விசாரிக்காமயே ஆரம்பிச்சுப்புட்டேன். மங்கைநாதர் புண்ணியத்துல நானும் உங்க மாமாவும் நல்லாருக்கோம். உனக்கு அந்த வெயில்ல மூக்குல ரத்தம் வந்துச்சுன்னியே, நின்னுருச்சா? வெங்காயத்த நசுக்கி மோந்து பாரு.

சொல்ல வந்தது இதுதான். உங்க கம்பெனி நம்ம ஊருக்கு வந்துருக்கு. போன மாசம் ஒரு பெரிய வண்டி வந்து தரையில தட்டு மாதிரி ஒண்ண ஊண்டி அதிர வச்சுப் பாத்துச்சு. அடுக்குப்பானையெல்லாம் கலகலன்னு ஆடுது. இப்ப பெஞ்சமின்னு ஒருத்தரு வாராரு, தங்கச்சிமடத்துக்காரரு. ஊருக்காரங்ககிட்டப் பேசுறதுதான் அவருக்கு வேலை. "கடல்ல மீனு இல்லன்னுதானம்மா கரையில பேச வந்துட்டேன்"ங்கிறாரு. நம்ம மொளகாத் தோட்டம் இருக்குல்ல, ஊருணியை ஒட்டி, அங்கனதான் கிணறு போடணுமாம். எண்ணெய்க் கிணறு. மூணு வருசக் குத்தகைக்குக் கேக்குறாங்க.

எனக்கு வேற எதுவும் ஏறல. அவரு ஒண்ணு சொன்னாரு பாரு, அதுதான் நெஞ்சுக்குள்ள நிக்கிது. "உங்க மருமகன் எங்க கம்பெனி இன்ஜினியராம்மா? அப்ப இங்கன வேலை ஆரம்பிச்சா அவரையே இங்கன போட்டுரச் சொல்லுவோம்"னாரு. உங்கம்மா உன்னைப் பத்து வயசுல என் கையில குடுத்துட்டுப் போனா. நீ இந்த வீட்டுல சோறு தின்னு ஆறு வருசம் ஆச்சு.

பாறைக்குள்ள போயி என்னத்தப்பா எடுக்குறாங்க? வெவரமா எழுது. வாழவந்தம்மா காப்பாத்தணும்.

அத்தை அமுதவள்ளி


ராஜஸ்தான் முகாம்
28.6.2024

அன்புள்ள அத்தைக்கு,

நலம். நீங்களும் மாமாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். மூக்கில் ரத்தம் வருவது நின்றுவிட்டது. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் அசாம்காரன், ஏன் தனியாகச் சிரிக்கிறாய் என்று கேட்டான்.

பாறையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சில பாறைகளில் எண்ணெயும் வாயுவும் ஊறியிருக்கும், ஆனால் வெளியே வர வழி இருக்காது. அவ்வளவு இறுக்கம். அதனால் மூன்று கிலோமீட்டர் ஆழம் துளைத்து, அங்கிருந்து குழாயைப் பக்கவாட்டில் திருப்பி, தண்ணீரையும் மணலையும் கொஞ்சம் மருந்தையும் கலந்து பெரிய அழுத்தத்தில் உள்ளே செலுத்துவோம். பாறை மயிரிழை மயிரிழையாக விரியும். மணல் அந்த விரிசல்கள் மூடாமல் தாங்கிக்கொள்ளும். உள்ளே இருப்பது கசிந்து குழாய்க்கு வரும். நான் செய்வது அந்த அழுத்தம் கொடுக்கும் வேலை.

இங்கே பகலில் நாற்பத்தாறு டிகிரி வெயில். சாப்பாடு பரவாயில்லை. நீங்கள் கொடுத்தனுப்பிய மிளகாய்ப்பொடி தீர்ந்துவிட்டது. மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்
அருள்முருகன்


கீழவேலாங்குளம்
9.7.2024

அன்பு மருமகனுக்கு அத்தை எழுதுறது. நாங்க சுகம். நீயும் சுகமா இருக்க ஆத்தாவ வேண்டிக்கிறேன். மாமா முழங்காலு தைலத்துக்கெல்லாம் அசையாது. அது அவரு மாதிரியே பிடிவாதம்.

நீ எழுதுனத கோயில்ல வச்சு சத்தமாப் படிச்சுக் காட்டினேன். உங்க மாமா கேட்டுக்கிட்டே இருந்துட்டு, "பாறையை உடைக்கத் தண்ணி வேணும்கிறானே, எம்புட்டுத் தண்ணின்னு எழுதலையேடி"ங்கிறாரு. வாயத் தொறக்காத மனுசன் தொறந்தா இப்படித்தான். எனக்கும் அப்பத்தான் உறைச்சுச்சு. மூக்கு, சாப்பாடு, மொளகாப்பொடி எல்லாம் எழுதியிருக்க, தண்ணிக் கணக்க விட்டுட்டியேய்யா.

உனக்குத் தெரியாததா? சுத்துவட்டத்துல எங்கன தோண்டினாலும் உப்பு. நம்ம தோட்டத்துக் கிணறு ஒண்ணுதான் நல்ல தண்ணி. நாலு ஊருப் பொம்பளைக தள்ளுவண்டியில கொடத்த அடுக்கிக்கிட்டு வாராளுக. பெஞ்சமினுகிட்டக் கேட்டேன். "நாங்க தனியா போர் போட்டுக்கிருவோம்மா, உங்க கிணத்தத் தொட மாட்டோம்"ங்கிறாரு. மாமா, "எலே, மேலதான் ரெண்டு ஓட்டை, அடியில ஒரே தண்ணிதானடா"ன்னாரு. பெஞ்சமின் சிரிச்சுக்கிட்டே காப்பியக் குடிச்சுட்டுப் போயிட்டாரு. நல்ல மனுசன்தான். என்ன செய்ய, அவருக்கும் வேலை.

ஊருக்காரங்க எல்லாம் என் வாயத்தான் பாக்குறாங்க. "அமுதவள்ளி மருமகன் அதே கம்பெனி, அவன் சரின்னா சரி"ங்கிறாங்க. குத்தகைக்கு ஊரும் சம்மதக் கையெழுத்துப் போடணுமாம், கடைசி ஆடி வெள்ளிக்குக் கூட்டம். நான் கையெழுத்துப் போடவா, வேண்டாமா? வெவரமெல்லாம் வேணாம். ஒத்தை வார்த்தை எழுது.

அத்தை


கீழவேலாங்குளம்
30.7.2024

மருமகனுக்கு அத்தை ஆசீர்வாதம். இங்க சுகம். உங்கிட்டருந்து இருபது நாளா ஒண்ணும் வரல. தபால்காரன் என்னைக் கண்டாலே சைக்கிளத் திருப்பிக்கிட்டுப் போறான்.

போன்ல கேட்டா, "அத்தை, லைன் சரியில்ல"ங்கிற. லைன் நல்லாத்தான் இருக்கு, நீ மூச்சு விடுறது கூடக் கேக்குது. சரி, எனக்குப் புரியுது. கம்பெனிச் சோத்தத் தின்னுக்கிட்டு கம்பெனி வேணாம்னு எழுத ஏலாது. யாராச்சும் பிரிச்சுப் படிச்சா உன் வேலைக்கு ஆபத்து. அதான் இந்தக் கவருக்குள்ள ஒரு கார்டு வச்சிருக்கேன், நம்ம அட்ரஸு நானே எழுதிட்டேன். நீ ஒண்ணும் எழுத வேணாம். சரின்னா மூலையில ஒரு பிள்ளையார் சுழி போடு. வேணாம்னா ஒரு புள்ளி வை. எவன் படிச்சாலும் ஒரு எழவும் வெளங்காது.

கார்டு வந்துருச்சுன்னா சாமிகிட்டப் போக வேணாம்னு இருக்கேன். வராட்டி வாழவந்தம்மாகிட்டப் பூக் கேட்டுற வேண்டியதுதான்னு பூசாரி வேல்சாமி சொல்றான். அவனே கோவத்துல இருக்கான். ஆடி மொத வாரத்துல கம்பெனி லாரிக்காரன் கோயில் முன்னால திருப்புறேன்னு நந்தவனத்துக்குள்ள ஏத்தி செடியச் சாச்சுப்புட்டான். வேல்சாமி டிரைவரை அடிக்கவே போயிட்டான். பெஞ்சமின்தான் நடுவுல விழுந்து, "அய்யா, புதுசா வச்சுத் தாரேன், ஆத்தாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்"னு கும்பிட்டாரு. கழுத்துல சிலுவையோட கும்பிடுறதப் பாக்க எனக்கே பாவமாப் போச்சு.

உடம்பப் பாத்துக்க. கார்டை மறந்துறாத.

அத்தை


கீழவேலாங்குளம்
18.8.2024

அன்பு மருமகனுக்கு. நலம், நலமறிய ஆசை.

புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் தபாலாபீசு வாசல்லயே உக்காந்திருந்தேன். ராமசுப்பிரமணியன் சாக்கைக் கவுத்தி உதறியே காட்டிட்டாரு. "இல்லத்தா"ன்னாரு.

வெள்ளிக்கிழமை பூக் கேட்டோம். வேல்சாமி ரெண்டு பொட்டலம் கட்டி வச்சான், ஒண்ணுல வெள்ளைப் பூ, ஒண்ணுல செகப்பு. வெள்ளைன்னா சரி, செகப்புன்னா கூடாது. ஊரே நிக்கிது. நம்ம தெரு குருநாதன் பேத்தி, மூணு வயசு, அதத் தூக்கி விட்டாங்க. அது பொட்டலத்த விட்டுட்டுத் தட்டுல இருந்த வாழைப்பழத்தத்தான் எடுத்துச்சு. எல்லாரும் சிரிச்சுட்டோம். அப்பறம் ஒரு பொட்டலத்த எடுத்து என் கையில குடுத்துச்சு. பிரிச்சேன். வெள்ளை அரளி.

அருளு, எனக்கு அழுகை வந்துருச்சு. ஆத்தா உன்னைக் கூப்புடுறான்னுதான் தோணுச்சு. மத்தப் பொட்டலத்தப் பிரிக்கக் கூடாது. சாமி வேணாம்னு ஒதுக்குனத மனுசன் பாக்கக் கூடாதுல்ல. அத அப்படியே ஊருணியில விட்டோம். அங்கயே கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பின்னால ஊரே போட்டுச்சு. மாமா மட்டும் வீட்டுக்குப் போயிட்டாரு.

உன் கட்டில் கயித்த இறுக்கிக் கட்டச் சொல்லியிருக்கேன்.

அத்தை


ராஜஸ்தான் முகாம்
2.9.2024

அன்புள்ள அத்தைக்கு,

நலம். உங்கள் கடிதங்கள் கிடைத்தன. முகாமில் தபால் வருவதும் போவதும் தாமதம்தான்.

ஒரு நல்ல செய்தி. என்னை நிரந்தரம் செய்துவிட்டார்கள். தனி அறை கொடுத்திருக்கிறார்கள். ஊருக்கு மாற்றிப் போடுவதெல்லாம் மேலே இருப்பவர்கள் கையில் உள்ளது. இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது. கட்டிலை இப்போது கட்ட வேண்டாம்.

கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி, மூடி வைத்துக்கொள்ளுங்கள். சும்மாதான் சொல்கிறேன்.

மாமாவிடம் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அருள்முருகன்


கீழவேலாங்குளம்
20.1.2025

மருமகனுக்கு அத்தை ஆசீர்வாதம். நாலு மாசமா நான் எழுதல, நீயும் எழுதல. சரிக்குச் சரி.

ஆருத்ராவுக்கு உத்தரகோசமங்கை போனேன். வருசம் பூரா சந்தனத்துக்குள்ள இருந்த மரகத நடராசரு ஒருநா வெளிய வந்து நின்னாரு. பச்சைப் பசேல்னு. களைஞ்ச சந்தனம் ஒரு துணுக்கு கெடச்சுச்சு, கவருக்குள்ள உனக்கு வச்சிருக்கேன். தண்ணியில கொழச்சுக் குடி, உஷ்ணத்துக்கு நல்லது.

தோட்டத்துல இப்ப மொளகா இல்ல, ஒரு இரும்புக் கோபுரம் நிக்கிது. கோயில் கோபுரத்த விட ஒசரம். ராவும் பகலும் லைட்டு. கோழிக ஒறங்க மாட்டேங்குது. போன வாரம் பாறைய உடைச்சாங்களாம், இருபது பம்பு லாரி வரிசையா நின்னு உறுமுச்சு. அதுக்கு முன்னாடி ஒரு மாசமா அவங்க போர் நிக்கவே இல்ல, பெரிய பெரிய தொட்டியில நெறப்பிக்கிட்டே இருந்தாங்க. "எம்புட்டுத் தண்ணி ஆச்சு?"ன்னு பெஞ்சமினக் கேட்டேன். "நான் பேசுறவன்தானம்மா, கணக்கு எனக்குச் சொல்ல மாட்டாங்க"ங்கிறாரு. உள்ள போன தண்ணி திரும்பி வருதாம், அத ஒரு பள்ளத்துல கருப்புத் தார்ப்பாய விரிச்சு ஊத்தி வச்சிருக்காங்க. கிட்டப் போனா கண்ணு எரியுது.

பூசாரி வேல்சாமிக்கு கம்பெனி கேட்டுல வாட்ச்மேன் வேலை கெடச்சிருக்கு. காலையில பூசை, அப்பறம் காக்கிச் சட்டை. "ஏலே வேல்சாமி, ஆத்தாளுக்கு விசில் அடிச்சாடா பூசை பண்றே?"ன்னு கேட்டேன். என் மூஞ்சியவே பாக்காமப் போறான். ரோசக்காரன்.

பாட்டில்ல தண்ணி பிடிச்சு வச்சுட்டேன், சாமி படத்துக்குப் பக்கத்துல. எதுக்குன்னு நீயும் சொல்லல, நானும் கேக்கல.

அத்தை


கீழவேலாங்குளம்
6.5.2025

அருளு, நல்லாருக்கியா. நாங்க இருக்கோம்.

சித்திரை மாசம் துவரம்பருப்பு வேகல. குக்கர்ல ஆறு விசில் விட்டும் கல்லு மாதிரி கெடக்கு. பருப்புத்தான் பழசுன்னு கடைக்காரன்கிட்டப் போயிச் சண்டை போட்டேன். அவன் வேற பருப்பு குடுத்தான், அதுவும் வேகல. அப்பறம் மாமா ஒரு காரியம் பண்ணாரு. நீ பிடிச்சு வைக்கச் சொன்ன பாட்டில எடுத்து அந்தத் தண்ணிய ஊத்தி ஒரு கைப்பிடி போட்டு வேக வச்சாரு. மூணு விசில்ல மசிஞ்சிருச்சு. பேசாமக் கரண்டியால எடுத்து என் இலையில வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அம்பது வருசத்துக்கு அந்த மனுசன் ஏசியிருந்தா கூட எனக்கு அம்புட்டு வலிச்சிருக்காது.

இப்ப வாயிலயே தெரியுது. வெறும் உவர்ப்பு மட்டும் இல்ல, ஆணிய நக்குன மாதிரியும் இருக்கு. நாலு ஊருப் பொம்பளைகளும் வாரதில்ல. என்னை யாரும் ஏசல. தெருவுல போனா, "சாப்பிட்டியா அமுதவள்ளி"ன்னு மட்டும் கேட்டுட்டுப் போறாளுக. ஆத்தாளுக்கு அபிசேகம் கேன் தண்ணியில நடக்குது.

கம்பெனி போயிருச்சு. இந்தப் பாறை சரிப்பட்டு வரலையாம். வாயு இருக்காம், ஆனா எடுக்குற செலவுக்குக் கட்டாதாம். கிணத்த சிமெண்ட ஊத்தி அடைச்சுட்டாங்க. ஒரு இரும்புக் குழாய் மட்டும் இடுப்பு ஒசரத்துக்கு நிக்கிது. தார்ப்பாயச் சுருட்டுறப்பக் கிழிஞ்சு இருந்துச்சு. எப்பக் கிழிஞ்சுச்சோ. ஆபீசரு ஒருத்தரு வந்து தண்ணிய எடுத்துட்டுப் போயி, "இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, கோடைதான் காரணம்"னு எழுதிக் குடுத்துட்டாரு. பெஞ்சமின் கடைசி நாளு வந்தாரு. ஒரு கேன் தண்ணியக் கொண்டாந்து வாசல்ல வச்சுட்டு, "எங்க ஊருலயும் இப்ப வாங்கித்தாம்மா குடிக்கிறோம்"னாரு. அம்புட்டுத்தான்.

உன்னை ஒண்ணு கேக்கணும். பாட்டில்ல தண்ணி பிடிக்கச் சொன்னியே, உனக்கு முன்னாடியே தெரியுமாய்யா?

அத்தை


ராஜஸ்தான் முகாம்
25.5.2025

அத்தை,

தெரியும்.

ஒரு கிணற்றுக்கு ஆயிரம் லாரித் தண்ணீர் போகும். நல்ல தண்ணீர் மெல்லிசாக மேலே நிற்கிற ஊரில் அவ்வளவையும் உறிஞ்சினால், அடியில் கிடக்கும் உப்பு மேலே வரும். இங்கே பக்கத்துக் கிராமத்தில் நான் பார்த்ததுதான். அங்கே பெண்கள் விடியற்காலையில் லாரிக்கு வரிசையில் நிற்கிறார்கள். நான் வேலைக்குப் போகும் ஜீப் அந்த வரிசையைக் கடந்துதான் போகும். நான் போனைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொள்வேன். என் கையில் போன் இருக்காது.

உங்கள் கார்டு ஆகஸ்ட் ஐந்தாம் தேதியே வந்துவிட்டது. தபால் தாமதம் என்று எழுதியது பொய். அன்று இரவே புள்ளி வைத்தேன். காலையில் தபால் பையில் போடப் போனேன். அந்தப் பை முகாம் அலுவலகத்து மேசையில்தான் இருக்கும். அதே மேசையில் என்னை நிரந்தரம் செய்யும் கடிதம் கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். ஒரு புள்ளியை யாரால் படிக்க முடியும்? ஆனாலும் என் கை கார்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டது. நாளைக்கு, நாளைக்கு என்று ஆடி முடிந்துவிட்டது.

கார்டை இத்துடன் வைத்திருக்கிறேன். மாமாவிடம் காட்ட வேண்டுமானால் காட்டுங்கள்.

அடுத்த மாதம் என்னை ஓமனுக்கு அனுப்புகிறார்கள். அங்கேயும் இதே வேலைதான்.

அருள்


கீழவேலாங்குளம்
10.6.2025

அன்பு மருமகன் அருள்முருகனுக்கு அத்தை ஆசீர்வாதம். நாங்க நல்லாருக்கோம். நீ ஒழுங்காச் சாப்புடு.

கார்டு வந்துச்சு. மாமாகிட்டக் காட்டல, சாமி படத்துக்குப் பின்னால சொருகி வச்சுட்டேன். புள்ளி வச்சுட்டேல்லய்யா, அது போதும் எனக்கு. என் பிள்ளைக்கு மனசு இருந்திருக்கு, கைதான் வரல.

நீ இதப் போட்டு ஒழப்பிக்காத. ஒண்ணு சொல்றேன், நல்லாக் கேட்டுக்க. கார்டு நேரத்துக்கு வந்திருந்தாலும் நான் பூக் கேட்டுத்தான் இருப்பேன். ஆத்தா வெள்ளைதான் குடுத்திருப்பா. நான் ஆத்தா சொன்னதத்தான் செஞ்சிருப்பேன். அப்ப இதுல உன் குத்தம் எங்கன வந்துச்சு? ஊருக்காரங்ககிட்டயும் இதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். நானும் குடுக்கல, என் மருமகனும் குடுக்கல, வாழவந்தா குடுக்கச் சொன்னா, குடுத்தோம். அவ எதுக்குச் சொன்னாள்னு அவளுக்குத்தான் தெரியும். அத நெனச்சுத்தான் நான் ராத்திரி கண்ண மூடுறேன். இல்லாட்டி மூட ஏலாது.

ஓமனுக்குப் போறப்ப சந்தனத்த மறக்காம எடுத்துட்டுப் போ. அங்கனயும் தண்ணி கம்மின்னு சொல்றாங்க, அளந்து குடி. எப்பயாச்சும் லீவு குடுத்தா வா. கட்டில் கயித்த அவுக்கல, கட்டுனபடியே இருக்கு.

இப்படிக்கு
அத்தை அமுதவள்ளி

கவர ஒட்டப் போனேன், ஒண்ணு விட்டுப்போச்சு. நீ வாரப்ப அங்கிட்டு எங்கயாச்சும் அரளிக் கம்பு கெடச்சா ஒண்ணு ஒடிச்சுட்டு வா. லாரிக்காரன் சாச்சதுக்குப் பதிலு வச்சுத் தாரேன்னு சொன்ன பெஞ்சமின் வைக்காமயே போயிட்டாரு. வெள்ளை வேணாம், வெள்ளை நம்ம கோயில்லயே நெறைய இருக்கு. செகப்புத்தான் வேணும். லாரி சாச்சது செவ்வரளிதான். நம்ம ஊருல அது ஒண்ணுதான் நின்னுச்சு, பூக் கேக்குறதுக்கு எப்பவும் செகப்பு அதுலதான் பறிப்பாங்க. இப்பத்தான் நெனப்பு வருது அருளு. அத லாரி சாச்சது ஆடி மொத வாரம், நாங்க பூக் கேட்டது கடைசி வெள்ளி.